நைக்கி ஃபாண்டம் லூனா: ஃபார்வர்டு காலுக்கு ஏற்ற பூட்ஸ்

ஆண்கள் கால்பந்து பூட்ஸிலேயே சின்ன சைஸ் தேடி, நுனியில் பஞ்சு திணித்து ஆடியவள் நான். லூனா 2023 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பைக்கு முன் பெண்கள் காலுக்கென்றே வந்தது. குதிகால் வழுக்கவில்லை, அப்பாடா! முன்பாதத்தின் அடியில் ஸ்டட்கள் (தரையைப் பிடிக்கும் குமிழ்கள்) வட்ட வடிவில் அடுக்கியிருப்பதால், டிஃபெண்டரை முதுகில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பும்போது கால் தரையில் மாட்டாமல் சுழல்கிறது. கோல் அடிக்க முன்வரிசையில் ஆடும் ஃபார்வர்டுக்கு வேறென்ன வேண்டும்? அப்போது செல்சி அணியில் ஆடிய ஃபார்வர்டு சாம் கெர் 2024 ஜனவரியில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து, கிட்டத்தட்ட 20 மாதம் ஆட முடியாமல் இருந்தார். பூட்ஸ் மாற்றினால் அது நேராது என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். கணுக்காலைச் சுற்றிய காலர் முதலில் இறுக்கும், அப்புறம் பழகிவிடும். புல்தரைக்கு மட்டும் வாங்குங்கள். எங்கள் செம்மண் மைதானத்தில் இதைத் தேய்க்க, கொடுத்த விலைக்கு, மனசு வரவில்லை.