ஐட்லிங் நிற்கவில்லையா? ஸ்க்ரூவைத் திருகுவதா, கார்புரேட்டரைக் கழற்றுவதா

மண்பாதையில் ஓடும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில், சிக்னலில் ஆஃப் ஆக ஆரம்பித்தால் மூன்று வழி இருக்கிறது: ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிடுவது, கழற்றாமல் ஸ்ப்ரே அடிப்பது, முழுசாகக் கழற்றிக் கழுவுவது. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக், 2019-இல் கார்புரேட்டர், எஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சுவது) என்று இரண்டு வகையாக வந்தது. என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வண்டி. மூன்று வழியையும் அதில் பார்த்துவிட்டேன்.

ஸ்க்ரூவைத் திருகுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது, ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஸ்க்ரூ த்ராட்டிலை (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியின் கதவை) கொஞ்சம் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பாகமான ஸ்லோ ஜெட் அடைத்திருந்தால் அடைப்பு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் சரியாகிவிடும். எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இப்படித்தான் ஏற்றிக் கொடுத்தார்கள். ஜவ்வாது மலையில் சரளைக்கல் இறக்கம், முதல் கியர், ஆக்சிலேட்டரை முழுசாக விட்டாயிற்று, ஆனாலும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. எஞ்சின் பிடிக்க வேண்டிய இடத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் சரளையில் சக்கரம் வழுக்கும். தார் ரோட்டில் இது சின்ன தொந்தரவு, இறக்கத்தில் நிஜமான ஆபத்து.

ஸ்ப்ரே பாதி வேலை செய்யும். ஏர் ஃபில்டர் பக்கம் அடித்தால் தொண்டைப் பகுதிதான் சுத்தமாகும், ஜெட்டுக்குள் போவது சந்தேகம். டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு உள்ள சிவி வகை கார்புரேட்டர் என்றால் அந்த ரப்பரில் ஸ்ப்ரே பட்டு உப்பிவிடவும் கூடும். இதைவிட ஃப்ளோட் பவுலுக்கு (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியில் இருக்கும், பெட்ரோலை வடிக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்துப் பாருங்கள். ஓடையில் இறங்கி ஏறிய பிறகு எனக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது, கூடவே துரு நிறத்தில் பொடி. தண்ணீர்தான் பிரச்சினை என்றால் இதோடு வேலை முடிந்தது.

பொடி வந்தால் கழற்றியே ஆக வேண்டும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாகத் தெரிய வேண்டும், என்னுடையதில் பிறை மாதிரி தெரிந்தது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். க்ளீனரில் ஊறவைத்து காற்றடித்தால் போதும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பெட்ரோல், காற்று கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அழுத்தினால் ஊசிமுனை போய்விடும். அதோடு வரும் ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓ ரிங் மூன்றும் அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். ஓ ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பார்க்காமல் ஸ்ப்ரே அடித்தால் எங்கோ பறந்துவிடும். பொறுமையாகச் செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும்.

அப்புறம் செட்டிங். பத்து நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு செய்ய வேண்டும். ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஆர்பிஎம் அதிகமாக நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். மிக்சர் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்ப பெட்ரோல் கூடும். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பினால் காற்றுதான் கூடும். இது தெரியாமல் ஒரு வண்டியின் பழக்கத்தில் இன்னொன்றைத் திருகித்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் மெதுவாக இறங்கினால் ஸ்க்ரூவைத் தொடும் முன் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரில் விரிசலையும் கேபிள் இறுக்கத்தையும் பாருங்கள்.

என் கணக்கில், நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி தண்ணீரில் இறங்கிய பிறகு மக்கர் செய்தால் ட்ரெயின் மட்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டி, சோக் போட்டால் மட்டும் ஆஃப் ஆகாமல் ஓடுகிற வண்டி என்றால் நேராகக் கழற்றுங்கள், ஸ்ப்ரேக்குக் காசு வேண்டாம். ஐட்லிங் ஸ்க்ரூவைத் தனியாகத் திருகுவது, சுத்தமான கார்புரேட்டரில் குளிர்காலத்துக்குக் கொஞ்சம் ஏற்ற மட்டுமே. இப்போது ஒரு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, பவுலைக் காலி செய்துவிட்டுத்தான் கவர் போடுகிறேன்.