வேஃபேரர் படகில் பல கோடைகள்: எங்கள் அனுபவம்

ரொறன்ரோவில் பாய்ப்படகு என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களிடம் சொந்தமாகப் படகு கிடையாது. செரி கடற்கரைப் பக்கம், வெளித்துறைமுகத்தில் உள்ள ஒரு கழகத்துக்கு வருடச் சந்தா கட்டி, அங்கே கிடக்கும் வேஃபேரர்களை முறை வைத்து எடுக்கிறோம். நண்பர்கள் நாலு பேர். பல கோடைகளாக இதுதான் எங்கள் சனிக்கிழமை.

வேஃபேரர், இங்கிலாந்தில் இயன் புரொக்டர் 1957-ல் வடிவமைத்த படகு. நீளம் 15 அடி 10 அங்குலம். பாய்மரம், பாய் எதுவும் இல்லாமல் வெறும் உடம்பே சுமார் 169 கிலோ. பந்தயக்காரர்கள் இதை மந்தம் என்பார்கள். உண்மைதான், பக்கத்தில் வரும் லேசர் படகு சும்மா விர்ரென்று தாண்டிப் போகும். ஆனால் லேசரில் ஒருவர்தான் வசதியாகப் போகலாம், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. வேஃபேரரில் மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம். ஒருவர் சட்டென்று எழுந்தாலும் படகு பதறாது. 1963-ல் ஃபிராங்க் டை என்பவர், துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு, இதே ரகத் திறந்த படகில் ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போயிருக்கிறார். துறைமுக வாயிலைத் தாண்டுவோமா வேண்டாமா என்று நாங்கள் தகராறு படும்போதெல்லாம் அவர் பெயரை யாராவது இழுப்பார்கள்.

நாலு பேர் ஏறலாம் என்றாலும் மூன்றுதான் சரி. நாலாவது ஆள் வந்தால் முழங்கால்கள் முட்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடிக்கட்டை யாரோ ஒருவர் தலையைத் தேடி வரும். ஆகவே ஒருவர் கரையில் நின்று அடுப்பு மூட்டுவார், பிறகு மாறிக்கொள்வோம். படகில் ஒருவருக்குச் சுக்கானும் பெரிய பாயும், இன்னொருவருக்கு முன்பாய்க் கயிறு. மூன்றாமவர் நடுப்பலகையை (படகு பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க நீருக்குள் இறக்கும் பலகை) ஏற்றி இறக்குவார், படகு சரிந்தால் எதிர்ப்பக்கம் போய் உட்காருவார், மட்டன் ரோல்ஸ் பையையும் நனையாமல் பார்த்துக்கொள்வார். கடைசி வேலைதான் கடினம்.

எனக்கு இதில் அதிகம் பிடித்தது, படகில் பேச்சு நடக்கும் விதம். கரையில் நாங்கள் கூடினால் வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் சோதனை என்று ஒரே தடத்தில் ஓடும். படகில் ஒருவர் தன் வேலை போன கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். பாதியில் சுக்கான்காரர் "திருப்பப் போறன், ரெடியோ?" என்று கத்துவார். எல்லோரும் குனிந்து மறுபக்கம் மாறுவோம். கதை விட்ட இடத்திலிருந்து தொடரும், அல்லது தொடராது. தொடராவிட்டால் யாரும் தவறாக எடுப்பதில்லை. நேருக்கு நேர் முகம் பார்த்துச் சொல்லத் தயங்கும் விஷயங்கள் இப்படித்தான் வெளியே வருகின்றன.

கோடையில் மத்தியானத்துக்குக் கிட்ட, நிலம் சூடேறிய பிறகு ஏரியிலிருந்து தெற்குக் காற்று கிளம்பும். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர், அவர் அதைச் சோளகம் என்றுதான் சொல்வார். 1938-ல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் தன் ஊரிலிருந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போன வரலாறும் கூடவே வரும். எட்டிலிருந்து பன்னிரண்டு நொட் (மணிக்குச் சுமார் 15 முதல் 22 கிலோமீட்டர்) வரை அருமையான காற்று. பதினைந்தைத் தாண்டினால் பாயைச் சுருக்கிக் கட்டிவிடுவோம். ஐந்துக்குக் கீழே போனால் துடுப்புத்தான், அப்போது யார் துடுப்புப் போடுவது என்று சண்டை.

குறைகளுக்கு வருவோம். 169 கிலோவை சாய்தளத்தில் இழுத்து ஏற்றுவது, அதுவும் பசியோடு, ஒரு தண்டனை. ஓகஸ்ட்டில் நீர்ப்பாசி நடுப்பலகையில் சுற்றிக்கொண்டு வேகத்தைக் கொல்லும். வெளித்துறைமுகத்துக்குத் தெற்கே நீளும் லெஸ்லி முனையில் நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் நாற்றத்தைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. பொதுப்படகு என்பதால் முன்னால் எடுத்தவர் அறுத்த கயிறு நம் தலையில்தான் விடியும்.

குளிரை இந்தக் குறைகளோடு சேர்க்கக் கூடாது, அது வேறு வகை. மே மாதத்தில் வெயில் வடிவாக அடிக்கும், ஏரி நீரோ 10 பாகை செல்சியஸுக்கும் கீழே இருக்கும். ஜூலையிலும் நம்ப முடியாது: மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று பலமாக அடித்தால் மேலே இருக்கும் சூட்டு நீரை நடு ஏரிக்குத் தள்ளிவிடும், அடியிலிருக்கும் குளிர்நீர் கரையோரம் ஏறிவிடும். முந்தின வாரம் நீந்திய இடத்தில் கால் வைக்க முடியாது. படகு கவிழ்ந்தால் முன்னும் பின்னும் உள்ள காற்றறைகள் அதை மிதக்க வைக்கும். நிமிர்த்தவும் முடியும், ஆனால் தண்ணீரை இறைத்து முடிக்க நேரமாகும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், இறைக்கும் வாளி மூன்றும் படகில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

படகில் மோட்டார் இல்லாததால் இதை ஓட்டக் கனடாவில் இயக்குநர் அட்டை (மோட்டார் படகு ஓட்டுபவர் வைத்திருக்க வேண்டிய தகுதிச் சான்று) தேவையில்லை. ஆனாலும் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டே தொடங்குங்கள், முடிந்தால் நண்பர்கள் எல்லோருமாக. ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தால் மற்றவர்கள் பயணிகளாகவே இருந்துவிடுவார்கள், இரண்டாவது கோடையில் வரவும் மாட்டார்கள்.