38,500 ரூபாய் போச்சு: "சர்வீஸ் செய்த" ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன். கேமரா விற்ற கடையிடமிருந்து இன்று மதியம்தான் கடைசி பதில் வந்தது: "ரிட்டர்ன் கிடையாது. இனிமே இதைப் பத்தி மெசேஜ் பண்ணாதீங்க." போனது 38,500 ரூபாய். நாகர்கோவிலில் கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடி ஓடிச் சேர்த்த காசு அது.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. பழைய ஃபிலிம் கேமராக்களைச் சோதித்து, சர்வீஸ் செய்து, கார்டு போட்டு விற்பதாகச் சொல்லும் இணையக் கடை. பெரிய நகரம் ஒன்றிலிருந்து நடத்துகிறார்கள்.

நான் வாங்கியது கேனான் பி என்ற ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, அதில் தெரியும் இரண்டு உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்கிற ஃபிலிம் கேமரா. 1959இல் வந்த கேமரா. லைக்கா எம் வரிசையில் ஒன்று வாங்க லட்சக்கணக்கில் வேண்டும், அது நம்மால் ஆகாது. கேனான் பி-யில் லென்ஸ் மாட்டும் இடம் 39 மி.மீ. திருகு மவுண்ட். பழைய லைக்கா லென்ஸ், ரஷ்ய ஜூபிடர், பிற்காலத்தில் வந்த சில வாய்க்லேண்டர் லென்ஸ்கள் எல்லாம் நேராக ஏறும். ஃபைண்டரில், அதாவது பார்க்கும் ஜன்னலில், 35, 50, 100 மி.மீ. லென்ஸ் மூன்றுக்கும் படத்தின் எல்லைக் கோடுகள் உண்டு. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் படம் எடுக்கலாம், உருவம் வெளியே இருக்கிற அளவிலேயே தெரியும். தோவாளைப் பூச்சந்தையைக் கருப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதற்கு இதைவிடப் பொருத்தமான கேமரா இல்லை என்று இப்போதும் சொல்வேன். கூடவே அந்தக் காலத்து கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். இரண்டும் சேர்த்துத்தான் 38,500.

அந்தக் கடைக்காரர் எப்படி நம்ப வைத்தார் என்பதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். வீடியோ காலில் வந்தார். ஒரு நொடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஷட்டரை அடித்துக் காட்டினார். அப்புறம் நான் கேட்காமலேயே பின்மூடியைத் திறந்து, "அண்ணே, ஒண்ணு மறைக்க மாட்டேன். திரையில லேசா சுருக்கம் இருக்கு பாருங்க. இந்த மாடல்ல அது சகஜம், படத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அது உண்மை. கேனான் பி-யின் ஷட்டர் திரை துணியில்லை, மெல்லிய எஃகுத் தகடு. விரல் பட்டாலே சுருங்கும், படத்தையும் கெடுக்காது. தன் சரக்கில் உள்ள குறையைத் தானே எடுத்துச் சொல்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன். "கிளீன் பண்ணி சர்வீஸ் முடிச்சாச்சு அண்ணே, கார்டே இருக்கே" என்று முத்திரை குத்திய சர்வீஸ் கார்டைப் படமெடுத்து அனுப்பினார். அந்த லென்ஸில் எடுத்த சாம்பிள் என்று நான்கு படங்களும் வந்தன. கடைசியில், "எங்க அம்மாவுக்கு மார்த்தாண்டம் பக்கம்தான் அண்ணே. நம்ம ஊர்க்காரங்ககிட்ட அப்படிச் செய்வேனா?" என்றார். அன்று இரவே யூபிஐ-யில் முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. வெளியே பளபளவென்று இருந்தது. விடியும் முன்னே தோவாளைக்குப் போனேன். குண்டு பல்பு வெளிச்சத்தில் பிச்சிப்பூக் குவியல்கள், அரளி மூட்டைகள், விலை கூவுகிற ஆட்கள். ஃபைண்டரில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை.

தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் உள்ள ஆபத்தே அதுதான். எஸ்எல்ஆர் என்றால் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், லென்ஸ் மங்கியிருந்தால் கண்ணே சொல்லிவிடும். இதில் நாம் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் எவ்வளவு கெட்டுப் போயிருந்தாலும் ஃபைண்டர் தெளிவாகத்தான் இருக்கும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் பணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் நானே கழுவினேன். ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் பெரிய ஒளிவட்டம். கருப்பாக விழ வேண்டிய நிழலெல்லாம் சாம்பல். பூக்காரம்மாவின் முகத்தில் கண்ணும் மூக்கும் கரைந்து கிடந்தன. லென்ஸைக் கழற்றி, ஒளி நுழையும் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். கண்புரை விழுந்த கண் போல உள்ளே ஒரே வெண்மை.

பாடியிலும் கோளாறு. முட்டம் கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். லென்ஸை முடிவிலிக்கு, அதாவது கடைசித் தூரத்துக்குத் திருப்பினால் ஃபைண்டரில் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர வேண்டும். சேரவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கலங்கரை விளக்கம் நின்றது. ரேஞ்ச்ஃபைண்டரை சர்வீஸ் செய்கிற எவரும் முதலில் சரிபார்ப்பது இதைத்தான். அதையே பார்க்காமல் எதற்கு கார்டு, எதற்கு முத்திரை?

தக்கலையில் இருக்கும் நண்பரின் ஜூபிடர்-8ஐ வாங்கி அதே பாடியில் மாட்டி, அதே மாதிரி வெளிச்சத்தில் எடுத்தேன். பல்பு பல்பாகவே விழுந்தது. சந்தேகமே இல்லை, மங்கல் அந்த கேனான் லென்ஸில்தான்.

நாகர்கோவிலில் பழைய கேமரா பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பிரித்து, உள்ளே இருந்த கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். மேலே இருந்த படலம் வந்துவிட்டது, ஆனால் கண்ணாடி தெளியவில்லை. சாய்த்துப் பிடித்தால் புள்ளி புள்ளியாக அரிப்பு. "இது பூஞ்சை இல்ல மக்கா. பூஞ்சைன்னா நூல் நூலா ஓடும். துவாரத் தகட்டு எண்ணெய் ஆவியாப் போய்ப் படிஞ்சு கண்ணாடியைத் தின்னுருக்கு. இது வருசக்கணக்குல நடந்த வேலை" என்றார். இந்த கேனான் லென்ஸில் இது பேர்போன வியாதி, விற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. பிறகு லூப் என்ற பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைப் பார்க்கச் சொன்னார். அதன் காடியில் புதுக் கீறல்கள், பித்தளை மினுங்கியது. யாரோ சமீபத்தில் திறந்து பார்த்திருக்கிறார்கள். சரிசெய்ய முடியாது என்று தெரிந்து மூடியிருக்கிறார்கள். தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தாங்காமல் போனது அதுதான்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "பழைய லென்ஸ்ன்னா அந்த க்ளோ இருக்கும் அண்ணே, அதுக்காகவே தேடி வாங்குறாங்க." நெகட்டிவை அனுப்பினேன். "டெவலப் பண்ணினதுல ஏதோ கோளாறு." ஜூபிடரில் எடுத்ததையும் அனுப்பினேன். அதோடு அண்ணன் சார் ஆகிவிட்டார். "உங்களுது கடலோர ஊர் சார். அங்க ஈரம் ஜாஸ்தி, உங்க வீட்ல வச்சுதான் உள்ள பூத்திருக்கு." பார்சல் வந்த அதே வாரத்திலா? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி இல்லாமல் இங்கே ஒருத்தனும் லென்ஸ் வைத்துக்கொள்ள மாட்டான். கண்ணாடி அரிபட வருஷங்கள் ஆகும் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கூப்பிட்டால் "ஓனர் வெளியூர்". மறுபடி கூப்பிட்டால் "டிக்கெட் போட்டிருக்கோம் சார், டீம் கூப்பிடுவாங்க". ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு, வெளியே போய்ப் பிரித்ததால் வாரண்டி போச்சு என்றார்கள். அடுத்து வாங்கும்போது 2,000 ரூபாய் கழித்துத் தருகிறோம் என்றார்கள். 38,500 ரூபாயைப் பறிகொடுத்தவன் அதே கடையில் இன்னொன்று வாங்க வேண்டுமாம்.

இதற்கிடையில் அதே கடையில் வேறொரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஜூபிடர்-8 ஒன்று, சாம்பிள் படங்களோடு. எனக்கு "உங்க லென்ஸ்லயே எடுத்தது" என்று அனுப்பிய டீக்கடைப் படம் அங்கேயும் இருந்தது. அதே பாய்லர், அதே கண்ணாடி கிளாஸ். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்த படம் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். லென்ஸின் சீரியல் எண்ணில் தொடங்கி டார்ச் வரைக்கும் வெட்டாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள். தூரத்துக் கோபுரம் ஒன்றை ஃபைண்டர் வழியாகக் காட்டச் சொல்லுங்கள். லைக்கா, சோவியத் கேமராக்களான ஃபெட், ஜோர்கி என்றால் திரை துணி, வெயில் பட்டு ஓட்டை விழுந்திருக்கலாம், அங்கேயும் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் கார்டைப் பார்த்து மயங்காதீர்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு எழுப்ப ஒரு வழியாவது இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. திங்கட்கிழமை நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். முத்திரை குத்திய இதே மாதிரி சர்வீஸ் கார்டோடு யாராவது கேமரா வாங்கி ஏமாந்திருந்தால், கார்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் படமெடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மனுவோடு சேர்த்து வைக்கிறேன்.