காசுந்தி: சித்தரஞ்சன் பார்க்கில் வாங்கிய கடுகு சாஸ்

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் தக்காளி சாஸ், சோயா சாஸ், மயோனைஸ் என்று பாட்டில்கள் எப்போதும் இருக்கும். நூடுல்ஸ் செய்யும் நாளைத் தவிர மற்ற நாட்களில் அவற்றை யாரும் தொடுவதில்லை. கடந்த குளிர்காலத்தில் சித்தரஞ்சன் பார்க் முதலாம் எண் மார்க்கெட்டில், ஒரு வங்காள மளிகைக் கடையில் வாங்கிய காசுந்தி மட்டும் அன்றாடச் சமையலுக்குள் வந்துவிட்டது. மூன்று பாட்டில்கள் தீர்ந்து இப்போது நான்காவது நடக்கிறது.

கடுகை ஊறவைத்து அரைத்து, உப்பும் மஞ்சளும் சேர்த்துப் புளிக்கவிட்டுச் செய்வது காசுந்தி. மாங்காய் சேர்த்த வகையும் உண்டு. நான் வாங்குவது அதைத்தான். மூடியைத் திறந்ததும் ஆவக்காய் ஜாடியைத் திறந்தது போன்ற நெடி மூக்கில் ஏறுகிறது. நாக்கில் வைத்தால் முதலில் புளிப்பும் உப்பும் தெரிந்து, ஒரு நொடி கழித்தே காரம் எழும்புகிறது. மைய அரைத்த விழுதாக இல்லாமல், கடுகுத் தோல் அங்கங்கே தட்டுப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. தயிர்ப் பச்சடிக்குப் பச்சைக் கடுகை அரைத்துக் கலக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்தச் சுவை அந்நியமாகத் தோன்றாது.

முதல் நாள் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு வறுவலில் இரண்டு ஸ்பூன் ஊற்றி, அடுப்பிலேயே நன்றாகப் புரட்டினேன். காரம் முழுவதும் ஆவியாகிப் போய், லேசான கசப்பு மட்டும் தங்கியது. அரைத்த கடுகில் நீர் படும்போது அதிலுள்ள நொதி ஒன்று வேலை செய்வதால்தான் அந்தக் காட்டம் உண்டாகிறது. அது எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால் சூட்டில் நிற்பதில்லை, புளிப்பு சேர்ந்திருந்தால்தான் நெடுநாள் தாங்கும். ஆகவே, அடுப்பை அணைத்து, கறி சற்று ஆறிய பிறகே இப்போது கலக்கிறேன். வாழைக்காய், சேனை, காலிஃபிளவர் மூன்றுக்கும் இது மிக நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் இதன் முழு அருமை சாலட்டில்தான் தெரிந்தது. தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் மூன்று ஸ்பூன், காசுந்தி ஒரு ஸ்பூன், ஒரு சிட்டிகை சர்க்கரை ஆகியவற்றை முள்கரண்டியால் அடித்து, குளிர்காலத்தில் இங்கே கிடைக்கும் சிவப்புக் காரட்டையும் முள்ளங்கியையும் மெல்லிய வில்லைகளாக நறுக்கி அதில் புரட்டினால், கடையில் வாங்கும் டிரெஸ்ஸிங் எதுவும் வேண்டியிருக்காது. முள்ளங்கியின் உறைப்பும் கடுகின் உறைப்பும் ஒரே இனத்தவை என்பதால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. தனியாக உப்புப் போடக் கூடாது. பாட்டிலில் இருக்கும் உப்பே தாராளம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது ஏற்றதன்று.

இடையில் ஒருமுறை, வீட்டருகே உள்ள பெரிய கடையில் வேறொரு தயாரிப்பை வாங்கி ஏமாந்தேன். சேர்பொருள்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. அந்தப் பாட்டிலில் தண்ணீரும் வினிகரும் சர்க்கரையும் முன்னால் நின்று, கடுகு நான்காவதாகத்தான் வந்தது. வாங்குமுன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

சித்தரஞ்சன் பார்க் பாட்டிலிலும் ஒரு குறை உண்டு: வாய் குறுகலாக இருப்பதால் அடியில் தங்கும் விழுது எளிதில் வெளியே வராது, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். திறந்த பாட்டிலின் காரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நாளாக நாளாகக் குறைகிறது. எனவே பெரிய பாட்டில் மலிவாகத் தெரிந்தாலும் சிறியதையே எடுக்கிறேன்.