பம்ப் பெட்டியில் இருக்கும் லிட்டரை நம்பி வாங்காதீர்கள்

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குட்டிக் குளம் உண்டு. 12 அடிக்கு 10 அடி, ஆழம் 5 அடி. பாதி தரைக்குள், பாதி செங்கல் சுவர். கூரைத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று கட்டியது. அதில் கட்லாவும் ரோகுவுமாக 40 விட்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. விடிகாலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் ஆக்சிஜன் விடும் பாசி ராத்திரியில் அதையே எடுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. சரி, காற்று கொடுக்க நாமே ஏதாவது செய்துவிடலாம் என்று பாகங்கள் வாங்க காரைக்குடி போனேன்.

கடைக்காரர், "அண்ணே, நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க, பையன் வந்து மாட்டிக் கொடுப்பான்" என்றார். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஏர் பம்ப், ட்யூப், இரண்டு ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்), கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது என் தப்பு.

பையன் பம்பைச் சுவருக்கு வெளியே தரையில் வைத்தான், கல்லை அடிவரை இறக்கினான். ஒரு குமிழி வரவில்லை. சட்டென்று ட்யூபைத் தூக்கி இரண்டடி ஆழத்தில் கட்டிவிட்டு, "மீன் மேலதானே சார் மூச்சு விடுது" என்றான். அவன் போனதும் என் மகன் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, குமிழிகளுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து எண்ணினான். 60 லிட்டர் என்றால் ஒரு நொடியில் தண்ணீர் வெளியேறிக் காற்று நிரம்ப வேண்டும். 11 நொடி ஆனது. அன்றைக்கே பம்பைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வெயிலுக்குச் சோம்பல்.

ஒன்பதாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்ததால் குளத்துத் தண்ணீர் ட்யூப் வழியே இறங்கி அதற்குள் புகுந்துவிட்டது. இதைத் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போதும், 40 ரூபாய்தான். அதைப் பொருத்தவில்லை. கரண்ட் வந்தபோது பம்ப் புகைந்து நின்றுவிட்டது. மறுநாள் மேகமூட்டம், வெயில் இல்லாததால் பாசி விடும் ஆக்சிஜனும் குறைவு; அதற்கடுத்த காலை 23 மீன் மிதந்தன. அப்பத்தா ஊருணியிலிருந்து கொண்டுவந்து விட்ட இரண்டு விரால் மட்டும் ஒன்றுமே நடக்காதது போலத் திரிந்தன. விரால் வெளிக்காற்றையும் இழுத்துக்கொள்ளும்.

பம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "தண்ணி போயிருக்குண்ணே, வாரண்டி வராது." தண்ணி போகிற மாதிரி வைத்ததே உங்கள் பையன்தானே என்றேன். பதில் இல்லை, அடுத்த ஆளுக்கு வயர் அளக்கப் போய்விட்டார்.

வீட்டில் வந்து ஈர ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு லேபிள்: 8 லிட்டர், 0.012 எம்.பி.ஏ. படிப்பில்லை, மெகா பாஸ்கல் என்ற அழுத்த அளவு. 0.01 என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் தண்ணீர். அப்படியானால் இந்தப் பம்ப் நாலடிக்கு மேல் தள்ளவே தள்ளாது. ஐந்தடிக் குளத்தின் அடியில் குமிழி எப்படி வரும்? லிட்டர் கணக்கும் தண்ணீருக்கு வெளியே அளந்ததுதான், ஆழம் கூடக்கூடக் குறையும்.

இப்போது 0.03 போட்ட பம்ப் ஒன்றை நானே மாட்டியிருக்கிறேன். சுவருக்கு மேலே பலகை அடித்து அதில் உட்கார வைத்தேன், நான்-ரிட்டர்ன் வால்வும் உண்டு, கல் சேற்றில் அடைக்காமல் அரையடி உயரத்தில் நிற்கிறது. வாங்கும்போது உங்கள் குளத்து ஆழத்தைச் சொல்லி, கடையிலேயே அந்த உயரத்துக்கு ஒரு பைப்பில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில் தர மறுத்தால் 1915க்குப் போன் போடலாம், நுகர்வோர் உதவி எண். நான் போட்டிருக்கிறேன், சுரண்டிய ஸ்டிக்கரும் விசிட்டிங் கார்டும் பத்திரமாக இருக்கின்றன.