சகாயை எவ்வளவு நம்பலாம்? பசிபிக் போர் விமானிகளைப் பற்றி ஆறு புத்தகங்கள்

1942 ஆகஸ்ட் 7. தென் பசிபிக்கில் ஜப்பானியரின் பெரிய தளமான ரபவுலிலிருந்து கிளம்பிய ஜப்பானிய ஜீரோ போர்விமானங்கள் குவாடல்கனால் தீவுக்கு மேலே அமெரிக்க வைல்ட்கேட் போர்விமானங்களோடு மோதுகின்றன. ஜப்பானிய விமானி சபுரோ சகாய்க்கு வாய்த்த எதிரி சாதாரண ஆள் இல்லை. எந்தப் பக்கம் வளைந்தாலும் பிடி கொடுக்காமல் நழுவுகிறான். நூற்றுக்கணக்கான குண்டுகள் பாய்ந்த பிறகும் அந்த விமானம் பறந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் தன் விமானத்தின் பீரங்கியைப் பயன்படுத்தித்தான் சகாய் அதை வீழ்த்துகிறார். 1957இல் வெளிவந்த, சகாயின் போர் நினைவுகளைச் சொல்லும் 'சாமுராய்!' நூலில் இந்தக் காட்சியைப் படிக்கும்போது புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

இதே சண்டை வரலாற்றாசிரியர் ஜான் லண்ட்ஸ்ட்ராமின் 'தி ஃபர்ஸ்ட் டீம்' வரிசையின் இரண்டாவது நூலிலும் (1994) வருகிறது. அந்த எதிரியின் பெயர் ஜேம்ஸ் சதர்லாண்ட். சகாயைச் சந்திக்கும் முன்பே, ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கப் போய் அவருடைய வைல்ட்கேட் அடிவாங்கியிருந்தது. சகாயோடு சுழன்றுகொண்டிருந்தபோது அவருடைய துப்பாக்கிகள் வேலை செய்யவே இல்லை. அது சகாய்க்குத் தெரிய வழியில்லை. பாராசூட்டில் குதித்துப் பிழைத்த சதர்லாண்டின் விமானச் சிதைவுகள் 1998இல் தீவின் காட்டுக்குள் கண்டெடுக்கப்பட்டன.

இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டால், முதலில் சகாய்தான் என்பேன். ஆனால் அவரிடமே நின்றுவிடக் கூடாது. 'சாமுராய்!' சகாய் தானே உட்கார்ந்து எழுதிய புத்தகம் அன்று. ஃபிரெட் சைட்டோ என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் அவரைப் பேட்டி எடுத்தார். மார்ட்டின் கேடின் என்ற அமெரிக்கர் அதை ஆங்கிலக் கதையாக்கினார். கேடினுக்கு மசாலா சேர்ப்பதில் கூச்சமே கிடையாது. சகாய் சுட்டு வீழ்த்தியவை 64 விமானங்கள் என்ற எண் உலகம் முழுக்கப் பரவியது இந்தப் புத்தகத்தால்தான். ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அதே ஆகஸ்ட் 7 அன்று தன் மண்டையைத் துளைத்த குண்டு அமெரிக்க அவெஞ்சர் விமானங்களிலிருந்து வந்தது என்று நூலில் இருக்கிறது. உண்மையில் அவை டான்ட்லெஸ் என்ற குண்டுவீச்சு விமானங்கள். பின்னால் உட்கார்ந்திருந்த துப்பாக்கி வீரர்களைக் கவனிக்காமல் நெருங்கிவிட்டார். ஆனாலும் வலது கண் பார்வை போய், உடலின் இடப்பக்கம் மரத்துப்போன நிலையில், ஆயிரம் கிலோமீட்டர் அளவு கடலைக் கடந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பறந்து ரபவுலுக்குத் திரும்பியது கதையல்ல, நடந்தது. அந்த அத்தியாயத்துக்காகவே கேடினை மன்னித்துவிடலாம்.

அமெரிக்கத் தரப்பில் சகாய்க்கு ஈடாகச் சொல்லப்படுவது போர்விமானி கிரெகரி பாயிங்டனின் 'பா பா பிளாக் ஷீப்' (1958). எனக்கு இவர் சகாயைவிட நேர்மையானவராகத் தெரிகிறார், எண்களில் அல்ல, தன்னைப் பற்றிப் பேசுவதில். குடி, கடன், குடும்பச் சிதைவு எதையும் மறைக்கவில்லை. 1944 ஜனவரி 3 அன்று ரபவுல் அருகே வீழ்த்தப்பட்டு, இருபது மாதங்கள் ஜப்பானியச் சிறையில் கிடந்த பகுதிதான் புத்தகத்தின் உயிர். 1976இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு இதைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். பாயிங்டனின் படைப்பிரிவை அந்தத் தொடர் போக்கிரிக் கூட்டமாகக் காட்டியதைப் பார்த்து, அதில் இருந்தவர்களே கோபப்பட்டார்கள்.

பாயிங்டன் சொல்லும் 28 விமானங்களில் ஆறு, சீனாவுக்காகப் போரிட்ட அமெரிக்கத் தன்னார்வப் படையில் ('ஃபிளையிங் டைகர்ஸ்' என்பது அதன் பட்டப்பெயர்) இருந்தபோது வீழ்த்தியவையாம். அந்தப் படையின் ஏடுகள் அந்த ஆறை ஒப்புக்கொள்ளவில்லை. இங்கேதான் டேனியல் ஃபோர்டின் 'ஃபிளையிங் டைகர்ஸ்' (1991) வருகிறது. ஃபோர்டு ஜப்பானியப் பதிவுகளையும் தேடிப் பிடித்து ஒப்பிட்டார். படைக்கு வரவு வைக்கப்பட்டவை முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானியர் உண்மையில் இழந்தவை 115 அளவில்தான் என்பது அவர் முடிவு. பழைய வீரர்கள் கொதித்தார்கள். வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் 500 டாலர் ஊக்கத்தொகை கிடைத்த படை அது என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் எண்ணிக்கை ஊதியதற்குப் பணத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நொடிகளில் முடியும் சண்டையில் மூன்று பேர் ஒரே விமானத்தைச் சுடுவார்கள். அது புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் நுழையும். மூன்று பேரும் தனித்தனியாக ஒன்று எழுதிக்கொள்வார்கள். எல்லா நாட்டு விமானப்படையிலும் இதே கதைதான். ஃபோர்டின் நடையும் நன்றாக இருக்கிறது. ஆவண ஆய்வு என்றால் தூக்கம் வரும் என்று பயப்பட வேண்டாம்.

கே. எஸ். நாயரின் 'தி ஃபர்காட்டன் ஃப்யூ' (2019) இந்திய விமானப்படையைப் பற்றியது. வான்சண்டையை எதிர்பார்த்து எடுத்தால் சப்பென்றிருக்கும். பர்மாவில் நம்மவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வேவு பார்ப்பதும் தரைப்படைக்கு உதவுவதும்தான். மெதுவாகப் பறக்கும் லைசாண்டர்களில் குண்டைக் கட்டிக்கொண்டு போன விமானி மஜும்தாருக்காகவும், இம்பாலில் ஹரிக்கேன் போர்விமானம் ஓட்டிய அர்ஜன் சிங்குக்காகவும் படிக்கலாம்.

மிஞ்சியிருப்பது 'பிளடி ஷாம்பிள்ஸ்' (1992, 1993). கிறிஸ்டோபர் ஷோர்ஸ், பிரையன் கல், யசுஹோ இசாவா மூவரும் எழுதிய இரண்டு தொகுதிகள். நாள்வாரியாக, இரு தரப்பு இழப்புகளையும் அருகருகே வைத்துக்கொண்டே போகும். ஒரே மூச்சில் யாராலும் படிக்க முடியாது, நானும் படிக்கவில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்ட பகுதிக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. முன்னெச்சரிக்கை இல்லாமல், ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்ட நேரத்தில் இரத்மலானையிலிருந்து ஹரிக்கேன்கள் எழும்புகின்றன. குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கியிருந்த 258ஆம் படைப்பிரிவு, 14 விமானங்களோடு போய் ஒன்பதை இழக்கிறது. பிரிட்டிஷார் அன்று உரிமை கோரிய எண்ணிக்கை பெரிது. ஜப்பானியர் இழந்தது ஏழு. நான்கு நாள் கழித்து திருகோணமலை. சீனன்குடா தளம் தாக்கப்பட்டது. அதே நாளில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

இரண்டு தொகுதிகளும் சேர்ந்து கனமானவை, கைக்காசையும் கணிசமாகக் கரைப்பவை. இரண்டாவதை மட்டும் தனியாக வாங்கினாலும் போதும். கொழும்பும் திருகோணமலையும் அதில்தான் இருக்கின்றன.