ஜியோ ஏர்ஃபைபர்: மொட்டை மாடியில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

வாசல் வரை ஃபைபர் வருகிறது, கூப்பிட்டால் கேபிள்காரரும் வந்து பார்க்கிறார் என்றால், டவரின் 5ஜி சிக்னலைப் பிடித்து வீட்டுக்கு நெட் தரும் ஏர்ஃபைபர் பக்கம் போக வேண்டியதில்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போதெல்லாம் ஒயர் அறுபடும் தெரு, ஃபைபரே எட்டாத புறநகர் மனை, இவற்றுக்குத்தான் இது.

சென்னை உட்பட 8 நகரங்களில் 2023 செப்டம்பரில் தொடங்கிய சேவை. மாடியில் ஒரு 5ஜி பெட்டி, அதிலிருந்து இறங்கும் லேன் ஒயர், உள்ளே வைஃபை ரூட்டர், அவ்வளவுதான் சாமான். 599 ரூபாய் திட்டத்தில் 30 எம்பிபிஎஸ். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 707 ஆகும். இதே நிறுவனத்தின் ஃபைபரில் 30 எம்பிபிஎஸ் 399-க்கே உண்டு. இங்கே டிவி சேனல்களையும் ஓடிடி ஆப்களையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள்.

விலையைவிட முக்கியம் மாத வரம்பு. ஃபைபரில் 3300 ஜிபி, இதில் 1000 தான். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதக் கடைசியில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் யுபிஐ பணம் அனுப்புவதே பெரும்பாடு.

காசு கட்டும் முன் ஜியோ சிம் போட்ட 5ஜி போனில் சிக்னலை அளக்கும் நெட்மான்ஸ்டர் ஆப்பை ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரின் நான்கு மூலையிலும் நின்று ஆர்எஸ்ஆர்பி எண்ணை, அதாவது டவர் சிக்னலின் வலுவை, பாருங்கள். -90க்கு மேல் (-80, -85) இருந்தால் நல்லது. -110ஐ ஒட்டினால் விட்டுவிடலாம். கூடவே எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது): 15க்கு மேல் வேண்டும், 5க்குக் கீழே என்றால் இரைச்சல் அதிகம். பிறகு இரவு 8 முதல் 10 மணிக்குள் வேகச் சோதனை. போனைவிட மாடிப் பெட்டியின் ஆன்டெனா வலுவானது, அதனால் சிக்னல் கொஞ்சம் கூடும். டவரில் உள்ள நெரிசலை அது குறைக்காது. பகலில் 200 காட்டி ராத்திரி 12 காட்டும் இடம் எந்தப் பெட்டி வைத்தாலும் அப்படித்தான்.

மாட்ட வருபவர் ஒயர் மிச்சம் என்று மாடிப்படி அறையோரம் வைக்கப் பார்ப்பார். சம்மதிக்காதீர்கள். டவர் பக்கத்து மூலை வேண்டும். தண்ணீர்த் தொட்டி குறுக்கே வரக்கூடாது, தண்ணீர் சிக்னலை விழுங்கிவிடும். கிளாம்பை இறுக்கச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் பெட்டி லேசாகத் திரும்பினாலே வேகம் பாதியாகலாம். ஒயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி ஏறினால் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

ஐபிவி4 என்னும் பழைய இணைய முகவரி முறையில், வெளியிலிருந்து நேரே உங்கள் வீட்டு ரூட்டரைத் தொட உதவும் தனி பொது முகவரி கிடையாது. ரூட்டரில் போர்ட் (வெளி இணைப்புக்கான வழி) திறந்து வெளியூரிலிருந்து பார்க்கும் பழைய சிசிடிவி டிவிஆர் (பதிவுப் பெட்டி) இதில் வேலை செய்யாது. கிளவுட் வழிக் கேமரா செய்யும். ஆன்லைன் விளையாட்டுக்காரர்களுக்கும் ஃபைபர்தான் சரி, இதில் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) நிலையாக நிற்காது.

மாடிப் பெட்டிக்குக் கரண்ட் தனி அடாப்டரிலிருந்து லேன் ஒயர் வழியாகவே போகிறது. ஆகவே ரூட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வாங்கினால் கரண்ட் போகும்போது வைஃபை இருக்கும், நெட் இருக்காது. இரண்டு அடாப்டரையும் இன்வெர்ட்டர் பிளக்கில் சொருகுங்கள். இடி இடிக்கும்போது இரண்டையும் பிடுங்கிவிடுங்கள், லேன் ஒயரையும் ரூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள்.